பாட்டு நின்ற பெட்டி

“அண்ணே, ஓ.எஸ். மாத்துனதுல இருந்து சவுண்டு வரலண்ணே.”

“போர்டோட ஒரு சி.டி. குடுத்திருப்பாங்களே, இருக்காப்பா?”

“அது எங்க கெடக்கோ…”

தேனி, சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், போடி என்று பள்ளத்தாக்கின் எந்த ஊரிலும் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருப்பவருக்கு இந்த மூன்று வரிகளும் மனப்பாடம். கால் நூற்றாண்டில் கணினிகள் மாறின, விண்டோஸின் பெயர்கள் மாறின. இந்தப் பேச்சு மட்டும் மாறவில்லை. திரை ஒளிர்கிறது, மவுஸ் ஓடுகிறது, தட்டினால் எழுத்து விழுகிறது, பழைய கல்யாணப் படங்கள்கூடப் பத்திரமாக இருக்கின்றன. பாட்டு மட்டும் கேட்பதில்லை. திரையின் கீழ்மூலையில் இருக்கும் ஸ்பீக்கர் படத்தின் மேல் சிவப்பில் ஒரு பெருக்கல் குறி நிற்கிறது.

எப்போதும் ஒலியே ஏன் முதலில் போகிறது? போன ஒலியை மீட்டுத் தருகிறவர்கள் எங்கிருந்து வந்தார்கள்? முல்லைப் பெரியாற்று அணைக்கும் போடி ஏலக்காய்க்கும் வரலாறு எழுதுகிறோம். மேசைக்கு அடியில் குனிந்து பச்சைத் துளையில் ஒயரைச் செருகிப் பார்க்கும் இந்தத் தொழிலுக்கும் அது எழுதப்பட வேண்டும்.

இந்தப் பள்ளத்தாக்குக்கு ஒலி சாதாரண விஷயம் அல்ல. பண்ணைப்புரத்துப் பாவலர் வரதராஜன் ஆர்மோனியத்தோடும் தம்பிகளோடும் பொதுவுடைமைக் கட்சியின் மேடைகளில் பாடித் திரிந்தவர். 1958 தேவிகுளம் இடைத்தேர்தலில் மலையேறிப் போய்த் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களிடம் பாடி வாக்குக் கேட்டவர். அவர் தம்பி இளையராஜா 1976இல் ‘அன்னக்கிளி’ படத்துக்கு இசையமைத்தார். அடுத்த ஆண்டே அல்லிநகரத்துப் பாரதிராஜாவின் ‘16 வயதினிலே’ வந்தது. 1980இல் ‘நிழல்கள்’ படத்தில் இவர்கள் இருவரோடு வடுகபட்டியில் வளர்ந்த வைரமுத்துவும் சேர்ந்தார். மூவரும் இன்றைய தேனி மாவட்டத்தின் பிள்ளைகள். அந்த மாவட்டமே 1996இல்தான் மதுரையிலிருந்து பிரிந்து பிறந்தது. இங்கே டீக்கடையில் பாட்டு நின்றால் பெஞ்சில் இருப்பவர் தலை நிமிர்ந்து பார்ப்பார்.

அப்படிப் பாட்டு நின்ற பெட்டிகளைத் திறந்து பார்த்த முதல் தலைமுறை, ரேடியோ மெக்கானிக்குகள். வால்வு ரேடியோ, பிறகு டிரான்சிஸ்டர், பிறகு டேப் ரிக்கார்டர். இலங்கை வானொலியின் தமிழ்ப் பாட்டுக்காகவும், பின்னாளில் மலை உச்சியிலிருந்து பள்ளத்தாக்கு முழுவதும் தெளிவாக இறங்கிய கொடைக்கானல் பண்பலைக்காகவும் ஜனங்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார்கள். மைக் செட்டுக்காரரும் இதே கூட்டம்தான். கோவில் திருவிழாவுக்கு முந்தின நாள் குழாய் ஸ்பீக்கர் உறுமினால், ராத்திரியோடு ராத்திரியாக உட்கார்ந்து சரி செய்தாக வேண்டும்.

இந்த மெக்கானிக்குகளிடம் ஒரு சோதனை இருந்தது. பெட்டி ஊமையாக இருந்தால், வால்யூம் கட்டுப்பாட்டின் நடுக்காலை விரலால் தொடுவார்கள். ஸ்பீக்கரில் ‘ர்ர்ர்’ என்று ஒரு முனகல் எழுந்தால் அதற்குப் பின்னால் உள்ள பெருக்கியும் ஸ்பீக்கரும் நலம், கோளாறு முன்பக்கம். முனகலே இல்லையென்றால் கோளாறு பின்பக்கம். மனித உடம்பே அந்தச் சோதனையில் ஒரு கருவி; சுற்றிலும் உள்ள மின்கம்பிகளின் 50 ஹெர்ட்ஸ் இரைச்சலை உடம்பு வாங்கிக் கொடுக்கிறது. பெட்டி பாடும்போதே அடியில் ‘ம்ம்’ என்ற ஓசை ஓயாமல் வந்தால், பில்டர் கண்டன்சர் காய்ந்துவிட்டது என்று பொருள். காதால் நோய் கண்டுபிடிக்கும் தொழில் அது.

கணினி இந்த வீதிகளுக்கு வந்தபோது அது ஏறக்குறைய ஊமை.

ஐ.பி.எம். நிறுவனம் 1981இல் வெளியிட்ட பெர்சனல் கம்ப்யூட்டரில் ஒரு சிறிய ஸ்பீக்கர் உண்டு. ‘பீப்’ என்று கத்துவதுதான் அதற்குத் தெரியும். நினைவகச் சில்லு சரியாக உட்காரவில்லை என்றால் அதைச் சொல்ல இத்தனை முறை, வேறு கோளாறு என்றால் இத்தனை முறை என்று கணக்கு வைத்துக் கத்தும். கணக்கும் கணக்குப்பதிவும்தான் அந்தப் பெட்டியின் வேலை என்று நினைத்துச் செய்தார்கள். அது பாடும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. அதே பத்தாண்டில், 1986இல், சென்னையில் ‘புன்னகை மன்னன்’ படத்துக்காகப் பண்ணைப்புரத்து இளையராஜா கணினியைக் கொண்டே இசை செய்துகொண்டிருந்தார் என்பது வியப்பான பொருத்தம். ஒலிப்பதிவுக் கூடத்துக்குள் கணினி பாடத் தொடங்கிவிட்டது. வீட்டுக் கணினி இன்னும் ‘பீப்’பிலேயே நின்றது.

வீட்டுக் கணினிக்குக் குரல் வெளியிலிருந்து வந்து ஒட்டியது. 1987இல் கனடாவின் ஆட்லிப் அட்டை. 1989இல் சிங்கப்பூரின் கிரியேட்டிவ் நிறுவனம், சிம் வோங் ஹூவின் தலைமையில், சவுண்ட் பிளாஸ்டர் என்ற அட்டையைக் கொண்டுவந்தது. மதர்போர்டில் உள்ள நீண்ட பள்ளத்தில் இதைச் செருக வேண்டும். செருகினால் போதாது, கணினியின் மூளையை எந்த எண் வழியாகக் கூப்பிட வேண்டும் என்று அட்டைக்குச் சொல்லவும் வேண்டும். முகவரி 220, குறுக்கீட்டு எண் 5, நேரடி நினைவக வழி 1 என்ற மூன்று எண்களை அந்தக் காலத்தில் கணினி அசெம்பிள் செய்தவர்கள் இன்றும் தூக்கத்தில் சொல்வார்கள். வேறொரு கருவி அதே 5ஐப் பிடித்துக்கொண்டால் இரண்டில் ஒன்று செத்துப்போகும். 1995இல் விண்டோஸ் 95 வந்து, செருகினால் தானாகவே எண்ணைப் பங்கிட்டுத் தருகிறேன் என்றது. பாதி நேரம் தந்தது.

ஒலிச் சிக்கலின் வேர் இந்தப் பிறப்பிலேயே இருக்கிறது. விசைப்பலகையும் திரையும் கணினியோடு கூடப் பிறந்தவை. அவை இல்லாமல் எந்த இயங்குதளத்தையும் விற்க முடியாது. ஒலி பிறகு வந்து ஒட்டிய விருந்தாளி. அதன் சில்லை ஒரு நிறுவனம் செய்யும், அதைப் போர்டில் பதிப்பது இன்னொரு நிறுவனம், இயங்குதளம் மூன்றாவது நிறுவனத்தின் கை. மூன்றும் ஒன்றையொன்று புரிந்துகொள்ள நடுவில் ஒரு சிறு மென்பொருள் தேவை. அதற்குப் பெயர் டிரைவர்.

கேரளத்து ஏலத்தோட்டங்களுக்கு விடியற்காலையில் ஆள் ஏற்றிப் போகும் ஜீப்புகள் நிறைந்த ஊர்களில் இந்தச் சொல்லை விளக்கப் பெரிய பாடம் தேவையில்லை. ஜீப்பு நல்ல ஜீப்பு, டீசலும் இருக்கிறது, மலைப்பாதையும் திறந்திருக்கிறது. ஓட்டுகிறவர் வரவில்லை என்றால் வண்டி ஸ்டாண்டிலேயே நிற்கும். ஓ.எஸ். மாற்றும்போது நடப்பது, பாதையைப் புதிதாக வெட்டிவிட்டுப் பழைய ஓட்டுநரை இறக்கிவிடுவதுதான்.

1990களின் கடைசியில் மதுரையிலிருந்தும் சென்னை ரிச்சி தெருவிலிருந்தும் வாங்கி வந்த உதிரிப் பாகங்களால் பள்ளத்தாக்கில் கணினிகள் பூட்டப்பட்டன. கணினிப் பயிற்சி மையங்களில் பேசிக், டேலி. ஜெராக்ஸ் கடையில் டி.டி.பி. பிரவுசிங் சென்டரில் ஹெட்போன். ஆனால் ஒலிக்காகவே கணினி வாங்கியவர்கள் இரண்டு வகைக் கடைக்காரர்கள். கல்யாண வீடியோவை வெட்டி ஒட்டிப் பின்னணியில் பாட்டுச் சேர்க்கும் மிக்ஸிங் ஸ்டுடியோக்காரர் ஒருவர். பட்டியல் எழுதிக் கொடுத்தால் கேசட்டில் பாட்டுப் பதிந்து தந்த ரிக்கார்டிங் சென்டர்காரர் இன்னொருவர், இவர் எம்.பி.3 சி.டிக்கும் பிறகு மெமரி கார்டுக்கும் மாறினார். இவர்கள் இருவருக்கும் ஒலி போனால் அன்றைய பிழைப்பே போயிற்று.

ஏறக்குறைய இதே காலத்தில் ஒலி, தனி அட்டையிலிருந்து இறங்கி மதர்போர்டுக்குள்ளேயே குடிபுகுந்தது. இன்டெல் 1997இல் வகுத்த ஏ.சி.97 என்ற தரம் இதற்கு வழிவிட்டது. வேலையில் பெரும்பங்கை மையச் செயலி பார்த்துக்கொள்ளும்; போர்டின் ஓரத்தில் ஒலியை எண்ணாகவும் எண்ணை ஒலியாகவும் மாற்றும் சின்னச் சில்லு ஒன்று இருந்தால் போதும். செலவு இறங்கியது, எல்லாப் பெட்டியும் பாடத் தொடங்கியது. தைவானின் ரியல்டெக் நிறுவனச் சில்லுகள் எங்கும் பரவின. டார்ச் அடித்துப் பார்த்தால் அவற்றின் முதுகில் ஒரு நண்டுப் படம் தெரியும். பெட்டியைத் திறந்ததும் ‘நண்டு இருக்கா’ என்று பார்ப்பது, எந்த டிரைவரைத் தேட வேண்டும் என்பதை முடிவு செய்துவிடும்.

2004இல் இன்டெல் ஹெச்.டி. ஆடியோ என்ற புதிய தரத்தைக் கொண்டுவந்தது. சிக்கல் இங்கேதான் கொழுத்தது. 2001இல் வெளிவந்த விண்டோஸ் எக்ஸ்பிக்கு ஹெச்.டி. ஆடியோ என்றால் என்னவென்றே தெரியாது. முதலில் மைக்ரோசாஃப்ட் தனியாகத் தந்த 888111 என்ற எண்ணுள்ள ஒட்டுநிரலைப் போட வேண்டும்; அது அந்த வழியைக் கணினிக்குக் காட்டும்; அதற்குப் பிறகே ரியல்டெக் டிரைவர் உள்ளே ஏறும். வரிசை தவறினால் விண்டோஸின் கருவிப் பட்டியலான டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் கேள்விக்குறி அசையாமல் உட்கார்ந்திருக்கும். ஆறு இலக்க எண் ஒன்றை ஊர் மெக்கானிக்குகள் போன் நம்பர்போல ஞாபகம் வைத்திருந்தார்கள் என்றால் காரணம் இதுதான். அடுத்து வந்த விஸ்டாவிலும் விண்டோஸ் 7இலும் கதை தலைகீழ். அவற்றுக்கு ஹெச்.டி. ஆடியோ கூடவே தெரியும், ஏ.சி.97க்கான டிரைவர் கூடவே வராது. ஆகவே பென்டியம் 4 காலத்துப் பெட்டியில் ஆசையாய் விண்டோஸ் 7 ஏற்றியவருக்குத் திரை மட்டும் அழகானது, பாட்டு நின்றது.

போர்டோடு வந்த குறுந்தகடு தொலையாமல் இருந்தால் பாதி வேலை முடிந்தது. ஆனால் அந்தத் தகடு டி.வி. மேலே, கொலு பொம்மைப் பெட்டியில், பரணில் என்று எங்கோ போய்விடும். அதனால் சர்வீஸ் கடைக்காரர்கள் தங்களிடம் வந்த ஒவ்வொரு தகட்டையும் நகல் எடுத்து, போர்டின் மாடல் எண்ணை மார்க்கரால் மேலே எழுதி, உறையிலிட்டு அடுக்கினார்கள். ரிக்கார்டிங் சென்டரில் இசைத்தட்டுகள் அடுக்கியிருந்த அதே பாங்கு. பின்னாளில் ரஷ்யாவில் உருவான டிரைவர்பேக் சொல்யூஷன் என்ற தொகுப்பு ஒரே டி.வி.டியில் ஆயிரக்கணக்கான டிரைவர்களைக் கொண்டுவந்து சேர்த்தது. வேகமான இணையம் வராத ஊர்களுக்கு அது பெரிய உதவி. தேவையில்லாத மென்பொருள்களையும் கூடவே இறக்கிவிடும் என்பதால் கவனமான மெக்கானிக் தன் தகட்டு அடுக்கையே நம்பினார்.

டிரைவரைத் தொடுமுன் அந்த மெக்கானிக் செய்த முதல் வேலை, ஸ்பீக்கர் ஒயரைக் கணினியிலிருந்து உருவி, அதன் முள்ளின் நுனியை விரலால் தொட்டது. ஸ்பீக்கர் ‘ர்ர்ர்’ என்றால் ஸ்பீக்கர் நலம். ரேடியோ மெக்கானிக்கின் அதே விரல். இடையில் இருந்த நாற்பது ஆண்டு மின்னணுவியல் அந்தச் சோதனையை மாற்றவில்லை.

பழைய கைப்பழக்கம் இன்னோர் இடத்திலும் காப்பாற்றியது. 1999க்கும் 2007க்கும் இடையில் செய்யப்பட்ட ஏராளமான மதர்போர்டுகளில் தரமற்ற மின்பகுபொருள் நிரப்பிய கண்டன்சர்கள் இருந்தன. சில ஆண்டுகளில் அவற்றின் தலை புடைக்கும், பழுப்பாகக் கசியும், கணினி காரணமில்லாமல் நின்று நின்று போகும். உலகம் முழுவதும் நடந்த கோளாறு இது. டெல் நிறுவனம் மட்டும் 2005இல் இதற்காக 30 கோடி டாலர் ஒதுக்க நேர்ந்தது. பெருநகரங்களில் போர்டையே தூக்கிப் போட்டார்கள். கண்டன்சர் காய்வதைக் காதால் கண்டுபிடித்துப் பழகிய கைகள் உள்ள ஊரில், புடைத்த ஆறு கண்டன்சரைச் சுட்டு எடுத்துவிட்டு, அதே மதிப்புள்ள புதியவற்றை ஈயம் வைத்துப் பற்றவைத்தார்கள். ‘ரேடியோ, டேப், டி.வி. ரிப்பேர்’ என்ற பலகையில் ‘கம்ப்யூட்டர் சர்வீஸ்’ என்ற சொல்லும் சேர்ந்ததற்குப் பின்னால் இப்படி ஒரு நியாயம் இருந்தது.

ஒலியை மீட்பது சில்லறை வேலை என்று நினைப்பவர்கள் பிரேசிலில் நடந்ததைத் தெரிந்துகொள்ள வேண்டும். 2007 ஜனவரியில் வெளியான விஸ்டா, ஒலியைக் கையாளும் முறையையே அடியோடு மாற்றி எழுதியது. விலை உயர்ந்த சவுண்ட் பிளாஸ்டர் அட்டைகள்கூடப் பாதி வசதிகளை இழந்தன. டேனியல் கே என்ற பெயரில் அறியப்பட்ட பிரேசில்காரர் ஒருவர், கிரியேட்டிவ் தந்த டிரைவர்களைத் தானே பிரித்துத் திருத்தி, போன வசதிகளை மீட்டு ஊருக்கெல்லாம் கொடுத்தார். 2008 மார்ச்சில் நிறுவனம் அவரைப் பகிரங்கமாகக் கண்டித்தது. பயனர்கள் கொதித்தார்கள், நிறுவனம் ஓரளவு இறங்கி வந்தது. காசு கொடுத்து வாங்கிய அட்டை, புதிய இயங்குதளத்தில் ஏன் வாயை மூட வேண்டும் என்ற கேள்விக்கு அன்றும் சரியான பதில் இல்லை.

பதில் இல்லாத இன்னோர் இடம் 64 பிட். 32 பிட் விண்டோஸுக்கு எழுதிய டிரைவர் 64 பிட் விண்டோஸில் ஏறவே ஏறாது. இதை விளக்கத் தேனிக்காரர்களிடம் சொந்த உதாரணமே உண்டு. மதுரையிலிருந்து போடிநாயக்கனூருக்கு 1928இல் மீட்டர் கேஜ் ரயில் வந்தது. போர்க்காலத்தில் 1942இல் தண்டவாளத்தைப் பெயர்த்துக் கொண்டுபோனார்கள். 1950களில் திரும்பப் போட்டார்கள். 2010 இறுதியோடு அகலப் பாதையாக மாற்றுவதற்காக வண்டி நிறுத்தப்பட்டது. மீட்டர் கேஜ் பெட்டியைத் தூக்கி அகலப் பாதையில் வைத்தால் சக்கரம் உட்காராது. டிரைவரும் அப்படித்தான், பாதையின் அகலம் மாறினால் அதற்கென்றே வேறு செய்ய வேண்டும். தேனிக்கு ரயில் திரும்பியது 2022 மே 26ஆம் தேதி, போடிக்கு 2023 ஜூன் 15ஆம் தேதி. இடைப்பட்ட பதினோரு, பன்னிரண்டு ஆண்டுகளில் பிறந்து பள்ளிக்கூடம் போன பிள்ளைகள் சொந்த ஊரில் ரயில் கூவிக் கேட்டதில்லை. மேம்பாடு என்று தொடங்கும் வேலை முதலில் ஒரு சத்தத்தை நிறுத்துகிறது என்பதைக் கணினியை விடப் பெரிய அளவில் இந்த ஊர் அனுபவித்திருக்கிறது.

ரயில் நின்றிருந்த அதே காலத்தில் மடிக்கணினி வந்தது. 2011 செப்டம்பர் 15 அன்று திருவள்ளூர் மாவட்டம் காக்களூரில் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டம், அரசின் எல்காட் நிறுவனம் வழியாக 50 லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர் கைகளுக்குக் கருவியைக் கொண்டு சேர்த்தது. கம்பம் பள்ளத்தாக்கில் திராட்சைத் தோட்டக் கூலி வீட்டுக்கும், ஆண்டிபட்டியின் நெசவு வீட்டுக்கும் முதல் கணினி அதுதான். தொடக்க ஆண்டுகளின் கருவிகளில் இரண்டு இயங்குதளங்கள் இருந்தன: விண்டோஸ் 7இன் ஸ்டார்ட்டர் பதிப்பும், சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும்.

ஸ்டார்ட்டர் பதிப்பில் பின்னணிப் படத்தைக்கூட மாற்ற முடியாது. பதினேழு வயதுப் பிள்ளை அதைப் பொறுத்துக்கொள்ளுமா? கொஞ்ச நாளில் ‘அண்ணே, விண்டோஸ் 7 அல்டிமேட் போட்டுக் குடுங்க’ என்று வரிசை நின்றது. சர்வீஸ் கடைகளில் மொத்தத்தையும் ஃபார்மேட் அடித்தார்கள். பாஸ் லினக்ஸ் பெரும்பாலும் அந்த முதல் அடியிலேயே அழிந்தது. கூடவே தயாரிப்பாளர் ஏற்றி அனுப்பியிருந்த ஒலி டிரைவரும் போனது. கல்லூரிப் பிள்ளைகள் சி.டியோடும் பென் டிரைவோடும் விடுதி அறைகளில் தாங்களே மெக்கானிக் ஆனது இந்தக் காலத்தில்தான். தினமலரின் கம்ப்யூட்டர் மலரும் தமிழ் கம்ப்யூட்டர் இதழும் முன்பே கேள்வி பதில் வடிவில் தமிழில் இந்த அறிவைப் பரப்பியிருந்தன. 2012இல் தொடங்கிய கணியம் மின்னிதழ் லினக்ஸையும் தமிழில் சொல்லிக் கொடுத்தது.

லினக்ஸில் ஒலி போகும் விதம் வேறு. அதன் கருவுக்குள்ளேயே ஆல்சா என்ற ஒலி அமைப்பு உண்டு. 2003 டிசம்பரில் வந்த 2.6ஆம் பதிப்பு முதல் அதுவே அதிகாரபூர்வமானது. பெரும்பாலான சில்லுகளுக்கு டிரைவர் கூடவே இருப்பதால் தகடு தேட வேண்டியதில்லை. ஆனாலும் நிறுவி முடித்ததும் அமைதி. காரணம், ஆல்சா எல்லா வழிகளையும் வாயடைத்த நிலையில் தொடங்கும். திடீரென்று பெருஞ்சத்தம் கிளம்பிக் காதையோ ஸ்பீக்கரையோ கெடுத்துவிடக் கூடாது என்ற முன்ஜாக்கிரதை. கறுப்புத் திரையில் ஆல்சாமிக்சர் என்று தட்டித் திறந்து, ஒவ்வொரு தூணின் அடியிலும் ‘எம்எம்’ என்று இருப்பதைப் பார்த்து, ‘எம்’ விசையை ஒருமுறை அழுத்தினால் போதும். அந்த ஒரு விசை தெரியாமல் எத்தனை பேர் லினக்ஸில் சவுண்டு வராது என்று சொல்லி ஒதுக்கினார்கள் என்று நினைத்தால் மனம் கனக்கிறது. கம்பத்திலிருந்து மலையேறிக் குமுளி தாண்டினால், கேரளத்தில் 2001இல் தொடங்கிய ஐ.டி. அட் ஸ்கூல் திட்டம் பள்ளிக்கூடங்களைக் கட்டற்ற மென்பொருளுக்குக் கொண்டுபோய், ஆசிரியர்களுக்கே இந்தப் பழுதுகளைப் பார்க்கப் பயிற்சி கொடுத்தது. இங்கே கருவி கொடுத்தோம். கற்றுக்கொடுக்கும் ஆளை அந்த அளவுக்குக் கொடுக்கவில்லை.

விண்டோஸ் 10 வந்த பிறகு, யாரும் கேட்காமலே இயங்குதளம் தன்னைத் தானே மாற்றிக்கொள்ளத் தொடங்கியது. 2015 ஜூலை 29 முதல் ஓர் ஆண்டுக்கு விண்டோஸ் 7 வைத்திருந்தவர்களுக்கு இலவச ஏற்றம். ராத்திரி மூடி வைத்த பெட்டி காலையில் வேறு முகத்தோடு விழித்தது. 2018 அக்டோபரில் இன்டெல்லின் ஒலி டிரைவர் ஒன்றை மைக்ரோசாஃப்ட் தவறுதலாகப் பல கணினிகளுக்கு அனுப்பிவிட்டது. அதை வாங்கியவை பேச்சை நிறுத்தின. தவறை ஒப்புக்கொண்டு திருத்தம் அனுப்பினார்கள். இம்முறை வாடிக்கையாளரும் எதையும் மாற்றவில்லை, மெக்கானிக்கும் எதையும் தொடவில்லை.

2020இல் ஊரடங்கு வந்து வகுப்புகள் திரைக்கு மாறியபோது பரணில் கிடந்த மடிக்கணினிகள் கீழே இறங்கின. தம்பி தங்கைகளுக்காகத் தூசி தட்டித் திறந்தால் பாதியில் ஒலி இல்லை, மீதியில் மைக் இல்லை. அதுவரை பாட்டுக்கும் படத்துக்கும் என்றிருந்த ஒலி அன்று பாடமாகிவிட்டது. டீச்சரின் வாய் அசைகிறது, வார்த்தை இல்லை. பழுது பார்ப்பவர்கள் கடை திறக்க முடியாத நாட்களில் போனிலேயே வழி சொன்னார்கள்: ஸ்பீக்கர் படத்தில் வலது கிளிக் பண்ணு, எந்தக் கருவி வழியா சத்தம் போகுதுன்னு பாரு, ஹெச்.டி.எம்.ஐ.ன்னு இருந்தா மாத்து. பல நேரங்களில் கோளாறு அவ்வளவுதான். சத்தம் வந்துகொண்டுதான் இருக்கும், இல்லாத டி.விக்குப் போய்க்கொண்டிருக்கும்.

2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு முடிந்தது. டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு இல்லாத பழைய பெட்டிகளுக்கு விண்டோஸ் 11 முறைப்படி ஏறாது. தூக்கிப் போட மனமில்லாதவர்கள் லினக்ஸுக்குப் போகிறார்கள். அங்கேயும் ஒலிக்கான நடுஅடுக்கு மாறிக்கொண்டிருக்கிறது. உபுண்டு 2022இல் பைப்வயருக்கு மாறியது. மாற்றத்தின் நடுவே சில பெட்டிகளில் ‘டம்மி அவுட்புட்’ என்ற இரண்டு சொல் மட்டும் தெரியும். ஒலிக்கருவி ஒன்றும் கண்ணில் படவில்லை, சும்மா ஒரு பெயரை வைத்திருக்கிறேன் என்று அதற்கு அர்த்தம்.

இதைப் படிக்கக் கண் வேண்டும் என்பதைக் கண் உள்ளவர்கள் நினைப்பதில்லை. பார்வையற்ற மாணவருக்குக் கணினி என்பதே குரல். 2006இல் ஆஸ்திரேலியாவில் பார்வையற்றவரான மைக்கேல் கரன் தொடங்கி, அவரைப் போலவே பார்வையற்ற ஜேம்ஸ் டேவும் சேர்ந்து வளர்த்த என்.வி.டி.ஏ. என்ற இலவசத் திரைவாசிப்பான், ஈஸ்பீக் என்ற பேச்சுப்பொறியின் துணையால் தமிழையும் வாசிக்கும். ஓ.எஸ். மாற்றி ஒலி போனால் அவருக்குப் பாட்டு மட்டும் போவதில்லை. திரை, மவுஸ், மெனு, கோப்பு எல்லாம் ஒன்றாக அணைகின்றன. டிவைஸ் மேனேஜரின் மஞ்சள் கேள்விக்குறியை அவருக்குச் சொல்வதற்கு உள்ள ஒரே வழியும் அதே கேள்விக்குறியால் அடைபட்டிருக்கிறது. பக்கத்தில் ஒருவர் வந்து உட்கார்ந்தாக வேண்டும்.

பாஸ் லினக்ஸுக்கு மூலமான டெபியனைச் செய்கிறவர்கள் இதைப் பற்றி யோசித்திருக்கிறார்கள். டெபியனை நிறுவும் தகட்டைப் போட்டுக் கணினியைத் தொடங்கினால், தேர்வுப் பட்டியல் வந்ததும் ‘பீப்’ என்று ஒரு சத்தம். பழைய மேசைக் கணினிகளில் அது 1981ஆம் ஆண்டுப் பெட்டியில் இருந்த வகைச் சின்ன ஸ்பீக்கரிலிருந்தே வருகிறது. அதற்கு டிரைவர் வேண்டாம், நண்டு வேண்டாம். அந்தச் சத்தத்தைக் கேட்டவர் ‘எஸ்’ விசையைத் தட்டி என்டர் கொடுத்தால், நிறுவும் நிரல் பேசத் தொடங்கும். ஒன்றுக்கு மேற்பட்ட ஒலிச் சில்லுகள் இருந்தால் ஒவ்வொன்றின் வழியாகவும் முறைவைத்துக் குரல் கொடுக்கும்: இது கேட்டால் என்டரை அழுத்துங்கள். கேட்கும்வரை காத்திருந்து, கேட்டதும் அவர் அழுத்துகிறார்.